பாடு போடாத வருஷம்

என் ஓரகத்திக்கு ஒரே நாளில் வேலை கிடைத்துவிட்டது என்று ஊரில் சொல்கிறார்கள். அது பொய். அரை மணி நேரத்திலேயே கிடைத்துவிட்டது. அந்த அரை மணி நேரமும் நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓரகத்தி என்றால் என் கொழுந்தனின் மனைவி. திருப்பாலைவனத்துப் பெண், நெல் விளைகிற வீடு. கல்யாணமாகி வந்த புதிதில் ஒரு நண்டைப் பார்த்தால் இரண்டடி தள்ளி நிற்பாள். நான் ஏரிக்கரையில் பிறந்து ஏரிக்கரையிலேயே வாழ்க்கைப்பட்டவள். அஞ்சல் வழியில் பி.ஏ. வரலாறு படிக்கலாம் என்று பொன்னேரிக்கு பஸ் ஏறிப் போய் விண்ணப்பம் வாங்கி வந்தவளும் நான்தான். அதைப் பார்த்துவிட்டு, "அக்கா, எனக்கும் ஒண்ணு வாங்கினு வர்றியா?" என்று கேட்டாள். வாங்கி வந்து கொடுத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இரண்டு பேரும் ஒரே புத்தகத்தில்தான் படித்தோம். நான் இரண்டு தாளில் அரியர் வைத்து, அழுது, எழுதி முடித்தேன். அவள் ஒரே மூச்சில் முடித்தாள். அதையாவது பொறுத்துக்கொண்டேன். என் மகள் வீட்டுப்பாடத்தில் சந்தேகம் வந்தால் என்னைத் தாண்டிக்கொண்டு அவளிடம் போவாள் பாருங்கள், அதைத்தான் பொறுக்க முடியவில்லை. கேட்டதற்கு, "நீ திட்டிகினே சொல்ற. சித்தி கத மாரி சொல்லுது" என்றாள். திட்டாமல் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

இந்த நிலைமையில்தான் பழவேற்காட்டில் என் மகள் படிக்கிற தனியார் பள்ளியில் வரலாறு நடத்த ஆள் தேடினார்கள். இருந்தது ஒரே ஒரு இடம். இரண்டு பேரும் எழுதிப் போட்டோம். தலைமையாசிரியை எங்களைக் கூப்பிட்டு, ஆளுக்கு அரை மணி நேரம் ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் எடுங்கள், யாருடைய வகுப்பு நன்றாக இருக்கிறதோ அவருக்கு வேலை என்றார். இருவருக்கும் ஒரே பாடம். பிரிட்டனில் ரோமாபுரியின் ஆட்சி முடிந்த கதை.

அந்த வேலை எனக்கு வேண்டும். பதினோரு வருஷமாக இறால் உரித்த விரல் இது. எலுமிச்சை தேய்த்தாலும் வாடை போகாது. அந்த விரலில் சாக்பீஸ் பிடிக்க வேண்டும், யாராவது ஒரு பிள்ளை என்னை "மிஸ்" என்று கூப்பிட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. அவளுக்கு அது எதற்கு? கொழுந்தனுக்குக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை, மாதம் பிறந்தால் சம்பளம். அவளுக்கென்று ஸ்கூட்டர். ஊர் உலகத்தில் எல்லாமே அவளுக்கே வேண்டுமா?

புத்தகத்தில் அந்தப் பாடம் ஒரே ஒரு பத்திதான். பேரரசின் ஓரத்தில் கடல் தாண்டி ஒரு மாகாணம். வேறெங்கோ சண்டை என்று அங்கிருந்த படையைக் கொஞ்சம் கொஞ்சமாக அழைத்துக்கொண்டார்கள். புதுக் காசு வருவது நின்றது. எதிரிகள் வருகிறார்கள், காப்பாற்றுங்கள் என்று ஊர்க்காரர்கள் கடிதம் எழுதினார்கள். உங்களை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. பத்தி முடிந்தது. எனக்கு ஒரே ஒரு கேள்விதான். அந்தப் பதில் வந்த மறுநாள் காலையில் அந்த ஜனங்கள் எழுந்து என்ன செய்தார்கள்?

யோசித்துக்கொண்டே இருந்தபோது எங்கள் ஊரில் பாடு போடாத வருஷம் ஞாபகம் வந்தது. ஏரியில் இறால் நன்றாக விழுகிற இடங்கள் கொஞ்சம்தான். எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்று ஊர்ப் பெரியவர்கள் வருஷா வருஷம் சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். அதற்குப் பெயர்தான் பாடு. கொரோனா வந்த வருஷம் கூட்டம் கூட முடியவில்லை. பெரியவர்களில் இரண்டு பேர் போயே போய்விட்டார்கள். ஏரிக்குப் போகலாம் என்று ஆன பிறகும் சீட்டுப் போட ஆளில்லை. ஆனாலும் யாரும் வாயைத் திறக்காமல் பழைய முறைப்படியே போனார்கள். என் நைனா ஒரு நாள் வலையோடு போய்ப் பார்த்திருக்கிறார். நல்ல இடம் காலியாகக் கிடந்திருக்கிறது. அன்றைய முறைக்காரன் காய்ச்சலில் படுத்திருந்தான். நைனா வலை கட்டவில்லை. சும்மா திரும்பி வந்தார். "அவன் நாளு அது" என்றார். கேட்க ஆளில்லை, தண்டனை போட ஆளில்லை. இருந்தும் அது அவன் நாள்.

இதுதான் என் வகுப்பு என்று முடிவு செய்தேன். காலையில் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டே ஒத்திகை பார்த்தேன். அசையாமல் கேட்டாள். "இது சூப்பரா கீதுமா" என்றாள். அவள் வாயிலிருந்து எனக்கு அப்படி ஒரு வார்த்தை வந்து எத்தனை வருஷம் ஆகிறது!

அன்று மதியமே என் சந்தோஷத்துக்கு வேட்டு. நானும் ஓரகத்தியும் இறாலைப் பெரிது சிறிதாகப் பிரித்துக்கொண்டிருந்தோம். அவள் கேட்டாள். "அக்கா, பாடு போடறதுக்குப் பெரியவங்களே இல்லன்னு வச்சிக்கோ. இன்னா ஆவும்?"

இவளுக்கும் அதே யோசனை வந்துவிட்டது. நெல்லுக்காரிக்கு என் ஏரி எதற்கு? அவள் புருஷனைக் கேட்டிருக்கலாம், அவனும் இந்த ஊரில் பிறந்தவன்தான். என்னைத்தான் கேட்டாள்.

"இன்னா ஆவும்? அடிதடிதான்" என்றேன். "மறுநாளே அவன் அவன் கெடச்ச எடத்துல வல கட்டுவான். மண்ட ஒடையும்."

"அப்டியாக்கா?" என்று கையைத் துடைத்துக்கொண்டு போய் நோட்டில் எழுதினாள். எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. வெட்கமாக இருந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். இல்லை, குளுகுளுவென்றுதான் இருந்தது.

வகுப்பு நாளன்று அவள் ஸ்கூட்டரில்தான் இருவரும் போனோம். 'பி' பிரிவு என்று சொல்லியிருந்தார்கள். என் மகளும் ஒன்பதாவதுதான், ஆனால் 'ஏ' பிரிவு. போய்ப் பார்த்தால் ஒரு ஆசிரியை வரவில்லை என்று இரண்டு பிரிவையும் ஒன்றாக உட்கார வைத்திருந்தார்கள். மூன்றாவது வரிசையில் என் மகள். என் வகுப்பில் இது முந்திக்கொண்டு எதையாவது உளறிவைக்கக் கூடாதே என்று மட்டும்தான் பயந்தேன். யார் முதலில் என்று தலைமையாசிரியை கேட்டார். "அக்கா போட்டும் மேடம்" என்றாள் அவள். "இல்ல இல்ல, நீயே போ" என்றேன். அவள் விழுவதைப் பார்க்க வேண்டாமா?

நன்றாகத்தான் நடத்தினாள். அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொல்லும்போது வகுப்பில் சத்தமே இல்லை. பிறகு கேட்டாள், "யார் யார் வீட்ல பாடு இருக்கு?" பாதிக் கைகள் உயர்ந்தன. "பாடு போடப் பெரியவங்களே இல்லன்னா மறுநாளே அடிதடி. அங்கேயும் அப்படித்தான்" என்றாள்.

என் மகள் எழுந்து நின்றாள்.

"இல்ல சித்தி... மிஸ். சண்டலாம் வரல. கொரோனா அப்ப பாடே போடல. எல்லாம் பழைய மொறைக்கே போனாங்க. எங்க தாத்தா நல்ல எடத்த வுட்டுட்டு வந்துச்சி. எங்கம்மாதான் சொல்லிச்சி, முந்தாநாளு காலைல."

என் ஓரகத்தி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் பதிலுக்கு முறைத்திருப்பேன். அவள் எதையோ சரிபார்க்கிற மாதிரி பார்த்தாள். முந்தாநாள் காலை, முந்தாநாள் மதியம். பார்த்து முடித்துவிட்டு வகுப்பின் பக்கம் திரும்பினாள்.

"எனக்குத் தெரியல. நான் நெல்லு ஊருக்காரி, தப்பா சொல்லிட்டேன்" என்றாள். "நீ வந்து சொல்லு." என் மகள் கையில் சாக்பீஸைக் கொடுத்தாள். மகள் கரும்பலகையில் ஏரி வரைந்தாள், எங்கள் இடங்களைக் குறித்தாள். மற்றப் பிள்ளைகளும் எங்க வீட்லயும் அப்படித்தான் என்று ஆரம்பித்தார்கள். ஒரு பையன், "அப்போ ரோமாபுரி ஆட்சி எப்ப மிஸ் முடிஞ்சிது? கடுதாசி வந்தப்பவா, மொறையை வுட்டப்பவா?" என்று கேட்டான். "நீங்களே சொல்லுங்க" என்றாள். மணி அடித்தும் சண்டை ஓயவில்லை. தலைமையாசிரியை எழுதுவதை நிறுத்திவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அடுத்து நான். என்னிடம் இருந்த ஒரே கதை கரும்பலகையில் என் மகள் கையெழுத்தில் இருந்தது. அதை அழித்தேன். புத்தகத்திலிருந்த பத்தியை வாசித்தேன், இரண்டு முறை. யாரும் எதுவும் கேட்கவில்லை. மகள் குனிந்து டெஸ்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது ஓரகத்தியின் முதுகுக்குப் பின்னால்தான் உட்கார்ந்து வந்தேன். கேட்பாள், இதோ இப்போது கேட்பாள் என்று வழியெல்லாம் பதில் தயார் செய்துகொண்டு வந்தேன். ஒரே ஒரு முறை வாயைத் திறந்தாள். "புடிச்சிக்கக்கா, பள்ளம் வருது" என்றாள். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். அதற்கும் வழி வைக்கவில்லை.

இப்போது தினமும் காலையில் அவள் ஸ்கூட்டரில் என் மகளும் போகிறாள். வாசலில் நின்று பார்ப்பேன். வயிறு எரியத்தான் செய்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

போன வாரம் விடுமுறை நாளில் மூன்று பேரும் இறால் பிரித்துக்கொண்டிருந்தோம். ஏதோ பாடத்துக்காக அவளுக்கு ஒரு விவரம் வேண்டியிருந்தது. "முகத்துவாரத்துல மண்ணு மூடறது எந்த மாசம்?" என்றாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன், வாயைத் திறந்துவிட்டேன். அவள் என் மகள் பக்கம் திரும்பி, "பாப்பா, உங்க தாத்தாவைக் கேட்டுச் சொல்றியா?" என்றாள்.

எனக்கு அந்த மாதம் தெரியும். இந்த முறை சரியாகவே சொல்லியிருப்பேன்.