தவறான பெட்டியில் விழுந்த என் பெயர்

கரும்பலகையில் எழுதக் கையை உயர்த்தியபோதுதான் முதலில் வலித்தது. வலது அக்குளில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. ரவிக்கை இறுக்கம் என்று இரண்டு மாதம் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். பயாப்சி (கட்டியிலிருந்து துளி சதை எடுத்துச் சோதிப்பது) முடிந்ததும் மார்பகப் புற்றுநோய் என்றார் டாக்டர். இதைப் படிக்கிற யாருக்காவது அப்படி ஒரு கட்டி இருந்தால், இன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். மற்றதை அப்புறம் படிக்கலாம்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு, மூன்று வாரத்துக்கு ஒன்றாக எட்டு கீமோ (புற்றணுக்களை அழிக்கும் மருந்தை நரம்பு வழியே ஏற்றுவது). முடி போனதும் சோறு கசந்ததும் நான் எதிர்பார்த்தவைதான். செபமும் போய்விடும் என்று எதிர்பார்க்கவில்லை. திருச்சியில் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோவிலில் இருபத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுத்தவள் நான். இப்போது செபமாலையை எடுத்தால் பத்து மணிகள்கூட உருட்ட முடியவில்லை. சொல்லே வரவில்லை.

அந்தச் சமயத்தில் கூட வேலை பார்க்கும் டீச்சர் ஒருவர் ஒரு புத்தகம் கொடுத்தார். சிறுநீரகம் பழுதான ஒரு குருவானவர் தன் விசுவாச வாழ்க்கையைப் பற்றி எழுதியது. மனுஷர் எதையும் மறைக்கவில்லை. தியானத்தில் குறட்டை விட்டதை எழுதுகிறார். முதுகுப் பக்கம் திறந்து கிடந்த ஆஸ்பத்திரி அங்கியோடு எழுந்து நின்று நர்சுகளுக்கு ஆசீர் கொடுத்ததை எழுதுகிறார். கடவுளிடமே, “உமக்கு வேற ஆளே கிடைக்கலையா?” என்று சண்டைக்குப் போகிறார்.

எனக்குப் பொறாமை பற்றிக்கொண்டது. அவருக்கும் நோய்தான், எனக்கும் நோய்தான். ஆனால் அவர் கடவுளோடு அப்படி உரிமையாகப் பேசுகிறார். நானோ மனப்பாடச் செபத்தைத் தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை. அதே மாதிரி இன்னும் நாலு பேர் எழுதியதைத் தேடிப் படித்தேன். வயிற்றெரிச்சல்தான் மிச்சம்.

“இவங்களுக்கு மட்டும் எப்படிங்க எல்லாம் வேடிக்கையாவே நடக்குது?” என்று என் கணவர் சேவியரிடம் கேட்டேன்.

“உனக்கு நடந்தா மட்டும் நீ சிரிச்சிடுவியாக்கும்.”

நாலாவது கீமோவின்போது பக்கத்து நாற்காலியில் ரங்கநாயகி மாமி வந்தார். ஸ்ரீரங்கத்துக்காரர், வங்கியில் ஓய்வு பெற்றவர். அவருக்கும் மார்பகப் புற்றுநோய்தான்.

“உங்க மூஞ்சியைப் பாத்தா ஏதோ அழுகைக் கதை மாதிரின்னா இருக்கு. குடுங்கோ, பாக்கறேன்,” என்று புத்தகத்தை வாங்கினார். நாலு பக்கம் போவதற்குள் மருந்து பாட்டில் மாட்டிய கம்பி ஆடும் அளவுக்குச் சிரித்தார்.

“நானும் பெருமாள்கிட்ட இப்படித்தான், டீச்சர். ஏகாதசிக்கு ஊருக்கே சொர்க்கவாசலைத் திறக்கறீரே, எனக்கு மட்டும் இப்போ திறந்துடாதேயும்னு சொல்லிண்டிருக்கேன்.”

புத்தகம் என்னுடையது, வேதம் என்னுடையது, சிரிப்பு மட்டும் அவருடையதா? எனக்குத் தாங்கவில்லை. மீதியைப் படிக்க மாமி அதை வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார். அடுத்த முறை, எனக்குக் கொடுத்தவர் திருப்பிக் கேட்கிறார் என்று பொய் சொல்லிப் புத்தகத்தை வாங்கிக்கொண்டேன். மாமி பாதிதான் படித்திருந்தார்.

ஆறு கீமோ முடிந்தபோது நவம்பர் வந்தது. அது எங்களுக்கு இறந்தவர்களின் மாதம். குடும்பத்தில் இறந்தவர்களின் பெயர்களைச் சீட்டில் எழுதிக் கோவில் வாசலில் ஒரு பெட்டியில் போடுவோம். பூசையில் அவற்றை வாசித்து மன்றாடுவார்கள். நோயாளிகளுக்கான பெட்டி வருடம் முழுவதும் அதன் பக்கத்திலேயே இருக்கும். சேவியர் என் பெயரை எழுதிக் கொண்டுபோய், அவசரத்தில் தவறான பெட்டியில் போட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நாலாவது வரிசையில் தலையில் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பூசையில் உதவும் உபதேசியார் இறந்தவர்களின் பெயர்களை வாசித்துக்கொண்டே வந்தார். “ஜெயராணி சேவியர்” என்றார். கோவில் முழுவதும் வழக்கமான பதிலைச் சொல்லி என் ஆன்மாவுக்காக மன்றாடியது. பழக்க தோஷம், நானும் சேர்ந்து மன்றாடினேன்.

அதன் பிறகுதான் உறைத்தது. முன் வரிசைக்காரர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். சேவியர் முகத்தில் ஈயாடவில்லை. முதலில் கோபம்தான் வந்தது. பிறகு என்னை அறியாமல் உள்ளுக்குள் சொன்னேன்: “இன்னும் ரெண்டு கீமோ பாக்கி இருக்கு ஆண்டவரே, அதுக்குள்ள என்ன அவசரம்?”

ஆண்டவரிடம் நான் சொந்தமாகப் பேசிய முதல் பேச்சு அதுதான். சிரிப்பு அடக்க முடியாமல் வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அழுகிறேன் என்று நினைத்துப் பக்கத்திலிருந்தவர் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

ஏழாவது கீமோவுக்குப் போனபோது புத்தகத்தை மாமியிடம் திரும்பக் கொடுத்தேன். பொய் சொன்னதையும் பெட்டிக் கதையையும் சொன்னேன்.

கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, “பொறாமையா இருக்கு, டீச்சர். எனக்கு இப்படி ஒண்ணும் நடக்கமாட்டேங்கறதே!” என்றார்.

இரண்டு வருடம் ஆகிறது. என் வலது கை தோளுக்கு மேல் போவதில்லை. கரும்பலகையின் கீழ்ப்பாதியில்தான் எழுதுகிறேன். நாட்களை மூன்று மூன்று வாரமாகப் பார்க்கும் பழக்கம் போகவில்லை. அடுத்த மூன்று வாரத்துக்கு அப்பால் எதையும் திட்டமிடுவதில்லை. அந்த மூன்று வாரம் எனக்குப் பெரிதாகவே இருக்கிறது.

மாமிக்கு நோய் திரும்பி வந்துவிட்டது. இப்போது நுரையீரலில். இந்த நவம்பரில் அவர் பெயரைச் சீட்டில் எழுதிக் கோவிலில் போட்டுவிட்டு, போனில் சொன்னேன்.

அவருக்கு மூச்சு வாங்கியது. “எந்தப் பெட்டியில போட்டேள்? சரியாப் பாத்தேளோ?”

இந்த நிலைமையிலும் இந்தப் பேச்சு. எனக்குப் பழைய பொறாமை ஒரு நொடி எட்டிப் பார்த்தது. பார்த்துத்தான் போட்டேன் மாமி என்றேன்.

போனை வைத்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு கோவிலுக்குப் போனேன். உபதேசியாரைக் கூப்பிட்டுப் பெட்டியைத் திறக்கச் சொல்லி, இன்னொரு தடவை பார்த்துவிட்டு வந்தேன்.