ஹெல்மெட்காரரைத் தேடி வந்த குரல்

தொண்ணூற்று நாலாம் வருஷம் ஐப்பசி மழையில் என்னோடு வேலை செய்த பழனிச்சாமி சைக்கிளிலிருந்து விழுந்து இறந்துபோனார். பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார் பம்பு செய்கிற சின்னப் பட்டறை எங்களுடையது. நான் லேத்தில், அவர் பக்கத்து டிரில்லிங் மிஷினில். உடம்பில் வேறு காயம் இல்லை, தலை மட்டும் மைல்கல்லில் மோதிவிட்டது. சட்டைப் பையில் பெயரோ விலாசமோ இல்லாததால், இரண்டு நாள் பெரியாஸ்பத்திரி சவக்கிடங்கில் யாருமில்லாத பிணமாகக் கிடந்தார். அவருக்குக் குடும்பம் கிடையாது. நாங்களோ, "ஆள் ஊருக்குப் போயிருப்பார்" என்று எங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

செய்தி வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பிரியமானவர்களே, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அவருக்காக அழுததைவிட எனக்காகத்தான் அதிகம் அழுதேன். என் மனைவி எஸ்தர் இறந்து அப்போது இரண்டு வருஷம். ஒரே மகள் ஜாஸ்மின் கல்யாணமாகி ஈரோட்டில் இருந்தாள். கவுண்டம்பாளையத்தில் லைன் வீட்டில் எனக்கு ஓர் அறை. காலையில் நானே பூட்டுவேன், சாயங்காலம் நானே திறப்பேன். நான் முன்கோபி என்பது இந்தச் சபைக்கே தெரியும், பக்கத்து வீட்டாருக்குத் தெரியாமல் இருக்குமா? அவர்களும் ஒதுங்கிக்கொண்டார்கள். குறை அவர்கள்மேல் இல்லை.

மறுநாளிலிருந்து வீட்டைப் பூட்டும்போது சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே ஜெபம் செய்தேன். "ஆண்டவரே, நான் விழாமல் இருக்க வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. விழுந்தால், இவன் ஏன் இன்னும் வரவில்லை என்று தேட ஓர் ஆளைக் கொடும்."

அதே சமயம் ஒரு மடத்தனமும் செய்தேன். ஜாஸ்மின் தன் கணவருடைய பழைய ஸ்கூட்டர் ஹெல்மெட்டை எனக்கு அனுப்பியிருந்தாள். சைக்கிளுக்கு ஹெல்மெட் போட்டால் ஊர் சிரிக்கும் என்பதுதான் என் உண்மையான பயம். அதைச் சொல்லாமல், சபையில் சாட்சி நேரத்தில் எழுந்து நின்று, "என் தலைக்குக் கர்த்தர் காவல் இருக்கும்போது எனக்கு எதற்கு ஹெல்மெட்?" என்று முழங்கினேன். நீங்களும் அல்லேலூயா சொன்னீர்கள். வீம்புக்கு விசுவாசம் என்று பெயர் வைத்துவிட்டேன். ஹெல்மெட்டில் வெங்காயம் போட்டு மூலையில் வைத்தேன்.

கிறிஸ்துமஸுக்கு வந்த மகள் அந்த வெங்காயத்தைப் பார்த்தாள். அதைக் கீழே கொட்டி, ஹெல்மெட்டைத் துடைத்து என் மடியில் வைத்தாள்.

"கர்த்தர் காப்பாத்துவாரு கண்ணு" என்றேன்.

"காப்பாத்தறதுக்குத்தான் இதைக் குடுத்திருக்காருன்னு நெனச்சுக்குங்கப்பா. அம்மாவும் இல்லை. நீங்களும் போயிட்டா, பொறந்த ஊடுன்னு நான் எங்கீங்கப்பா வருவேன்?"

விடுமுறை முடிந்து பட்டறை திறந்த அன்றே போட்டுக்கொண்டு போனேன். அப்பப்பா, அது தலையா அடுப்பா! வேர்வை கண்ணில் வழியும். பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வீடு திரும்பும் வழியில் துடியலூர் தாண்டி ரோட்டோரம் ஒரு பொதுக்குழாய். தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் சாயங்காலம் வரும், சில சமயம் நாள் தவறியும் வரும். அதனால் தினமும் பெண்கள் குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருப்பார்கள். என்னைக் கண்டதும், "சட்டித்தலையரு வாராருங்கோ!" என்று ஒரு குரல் கிளம்பும். குழாயடியே சிரிக்கும்.

ஒருநாள் பொறுக்காமல் சைக்கிளை நிறுத்தினேன். "உங்களுக்கெல்லாம் வேற சோலியே இல்லீங்களா?" என்று கத்தினேன்.

அவர்களில் கட்டையான ஓர் அம்மாள் முன்னால் வந்தார். "கோவிச்சுக்காதீங்க. நீங்க போனாத்தானுங்க எங்களுக்கு மணி ஆறு. எங்கூட்டுக் கடியாரம் நின்னு வருசமாச்சுங்க."

முறைத்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து ஆண்டவரிடமும் சண்டை போட்டேன். "நான் ஆள் கேட்டேன். நீர் கேலி கொடுத்தீர்" என்றேன். இப்படியே ஏறக்குறைய இரண்டு வருஷம். ஜெபத்தை மட்டும் விடவில்லை. ஆனால் நம்பிக்கையோடு செய்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

தொண்ணூற்றாறாம் வருஷம், மறுபடியும் ஐப்பசி. வேலை விட்டு வருகிறேன், தூறல். எதிரே ஒரு பஸ், பின்னால் ஒரு லாரி. ஒதுங்கினேன். தார் முடிகிற இடத்தில் சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. அப்படியே சரிந்து ரோட்டுக்குக் கீழே வேலிமுள் புதருக்குள் போய் விழுந்தேன். சிறுபாலத்துக் கருங்கல்லில் தலை 'டொம்' என்று மோதியது. ஹெல்மெட் நீளவாக்கில் பிளந்துகொண்டது. தலைக்குள் நினைவு தெளிவாக இருந்தது. வலது கால் மட்டும் எனக்குச் சொந்தமில்லாததுபோல் மடங்கிக் கிடந்தது.

கத்தினேன். மேலே லாரிச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. ரோட்டிலிருந்து பார்த்தால் புதர்தான் தெரியும். மழை வலுத்தது, வெளிச்சம் குறைந்தது. நாளைக்குப் பட்டறையில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். ஆள் மகள் வீட்டுக்குப் போயிருப்பான் என்பார்கள். பழனிச்சாமி வராத அன்று நான் லேத்தை நிறுத்தி ஒரு நிமிஷம் வெளியே எட்டிப் பார்த்திருந்தால் என்ன? அந்தச் சேற்றில் கிடந்துதான் முதல்முறையாக அவருக்காக மட்டும் அழுதேன். மன்னிப்புக் கேட்டேன். அதற்குப் பிறகு ஜெபிக்க வார்த்தை வரவில்லை.

எவ்வளவு நேரமோ தெரியாது. மழைக்குள் ஒரு பெண் குரல் கேட்டது.

"ஏனுங்க! ஹெல்மெட்காரரே! ஏனுங்கோ!"

அவருக்கு என் பெயர் தெரியாது. வைத்த பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிடவும் மனசு வரவில்லை. "இங்கதானுங்க!" என்று உயிரைக் கூட்டிக் கத்தினேன். புதரில் நீட்டிக்கொண்டிருந்த சைக்கிள் சக்கரத்தைப் பார்த்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மூன்று பெண்கள் இறங்கினார்கள். முன்னால் வந்தவர் அந்தக் கடிகார அம்மாள். பெயர் ராமாத்தாள் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஒரு வேனை மறித்து நிறுத்தி என்னை ஏற்றி, அவரும் ஏறிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர், "இவருக்கு ஆள் யாரு?" என்று கேட்டார். யாரும் இல்லை என்று சொல்ல நான் வாயெடுத்தேன்.

"நாந்தானுங்க" என்றார் ராமாத்தாள்.

"நீங்க என்ன உறவு?"

"ஒறவெல்லாம் இல்லீங்க. தெனமும் எங்க ரோட்டுல போறவருங்க. இன்னிக்குக் காணோமேன்னு தேடிட்டு வந்தமுங்க."

பிரியமானவர்களே, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நான் கேட்ட அந்த ஆள், ஈரச் சேலையோடு என் பக்கத்தில் நின்றார். என் ஆண்டவர் பெயரை ஒருநாளும் சொல்லாதவர் அவர். நான் அழுததைக் கால் வலி என்று நினைத்து நர்ஸம்மா சமாதானம் சொன்னார்கள். நான் வலியில் அழவில்லை.

இன்னொன்றையும் மறுநாள் தெரிந்துகொண்டேன். அவர்கள் எழுந்து வந்தபோது குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்ததாம். குழாயடியில் வரிசையை விட்டு எழுவது என்றால் என்ன என்று இங்கே உட்கார்ந்திருக்கிற சகோதரிகளுக்குத் தெரியும். பார்க்க வந்த ராமாத்தாளிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். "தண்ணி நாளைக்கு வந்துபோடுமுங்க" என்று சொல்லி, கொண்டுவந்த ரசத்தை ஊற்றினார்.

பிளந்த ஹெல்மெட்டைப் பார்த்த டாக்டர், இது இல்லாவிட்டால் தலை தப்பியிருக்காது என்றார். நான் முழங்கிய வார்த்தையை இதே சபையில் இன்று திரும்ப எடுத்துக்கொள்கிறேன். சைக்கிள் ஓட்டுகிற சகோதரர்களே, ஹெல்மெட் போடுங்கள். அதனால் உங்கள் விசுவாசம் குறைந்துபோகாது. சிரிப்பார்கள், சிரிக்கட்டும். யாருமில்லை என்று அழுகிறவர்கள் ஜெபத்தை விடாதீர்கள். பதில் உங்களுக்குப் பிடிக்காத முகத்தோடு தினமும் ரோட்டோரம் நின்றுகொண்டிருக்கலாம்.

கால் தேறி இப்போது மறுபடியும் சைக்கிளில் போகிறேன், மகள் புது ஹெல்மெட் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். வீட்டில் இப்போதும் நான் ஒருவன்தான். போன வாரம் குழாயடிக்குப் புதிதாக வந்த ஒரு பெண் என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் சைக்கிளை நிறுத்தி, "என் பேரு தேவசகாயமுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆமென்.