பனிக்கட்டி மேல் பாரிடோன்

மில்ட் ஜாடின் பால் லாரி ஓட்டியவன். விடியற்காலை நாலரைக்கு எழுந்து, எங்கள் ஊரான சான்ட் ஓடிலைச் சுற்றியிருந்த பதினேழு பண்ணைகளிலும் பாலை ஏற்றிக்கொண்டு, பத்து மணிக்குள் சீஸ் ஆலையில் இறக்கிவிடுவான். முப்பத்தொரு வருடம் இதே வேலை. அவன் வராத நாள் என்று நான் கேள்விப்பட்டது இரண்டுதான். ஒன்று அவன் கல்யாணத்தன்று. இன்னொன்று அவன் அம்மா இறந்த அன்று. அன்றைக்கும் மூன்று பண்ணைகளை முடித்துவிட்டுத்தான் போனான் என்பார்கள்.

செவ்வாய்க்கிழமை மாலைகளில் அவன் பாரிடோன். மாதா கோயிலின் கீழ்த்தளத்தில் பார்பர்ஷாப் என்கிற நாலு குரல் பாணியில் பாடும் எங்கள் கோரஸ் கூடும். முப்பத்திரண்டு ஆண்கள், வாத்தியம் கிடையாது, சுருதி பார்க்க ஊதும் ஒரு சின்னக் குழல் மட்டும். லீட் பாடுகிறவனுக்கு மெட்டு. டெனர் அதற்கு மேலே போவான். என்னைப் போன்ற பேஸ்காரர்கள் அடியில் கிடப்போம். மிச்சமிருக்கும் ஓட்டைகளை எல்லாம் அடைப்பது பாரிடோன். அவன் பாடுவதைத் தனியாகக் கேட்டால் இருட்டில் ஒருவன் படி தடுக்கித் தடுக்கி இறங்குவது போலிருக்கும். ஆனால் நாலும் மயிரிழை பிசகாமல் பொருந்திவிட்டால் தலைக்கு மேலே ஐந்தாவதாக ஒரு குரல் எழும். யாரும் பாடாத குரல். நாங்கள் அதைத் தேடித்தான் வாரம் தவறாமல் போனோம். வந்துவிட்டால் ஒருவன் முகத்தை ஒருவன் பார்க்கமாட்டோம்.

கோரஸுக்குள் மில்ட்டுக்கு ஒரு நால்வர் அணி இருந்தது. ஹார்டுவேர் கடை வைத்திருந்த நார்ப் மஸார்ட் லீட். பள்ளிப் பேருந்து ஓட்டிய ஜீன் டெனர். செர்ரித் தோட்டக்காரன் கிளீட் பேஸ். பத்தொன்பது வருடம் ஒன்றாகப் பாடியவர்கள்.

எழுபத்தெட்டு ஜனவரியில் வருடாந்திரக் கச்சேரி முடிந்து எல்லோரும் மதுக்கடையில் உட்கார்ந்திருந்தோம். நார்ப் கண்ணாடிக் குவளையைத் தட்டி எல்லோரையும் தன் பக்கம் திருப்பினான்.

"பாரிடோன் ஒருத்தன் செத்துட்டா அது எப்பத் தெரியும், சொல்லு பாக்கலாம்" என்றான். "காபி கப் ஒண்ணு மிஞ்சும்ல, அப்பத்தான்."

எல்லோரும் சிரித்தோம். மில்ட்டும் சிரித்தான். நார்ப் அதோடு விட்டிருக்கலாம்.

"நெசமாத்தான் சொல்றேன். போன மாசம் இவனுக்குத் தொண்டை கட்டிப்போச்சு, நாங்க மூணு பேராத்தான் பாடினோம். ஒரு பயலுக்கும் தெரியல."

மில்ட் தன் பீரைக் குடித்து முடித்து, கோட்டை மாட்டிக்கொண்டு, எல்லோருக்கும் நல்லிரவு சொல்லிவிட்டுப் போனான். ஆர்லீன், அவன் மனைவி, பிற்பாடு என்னிடம் சொன்னாள்: அன்றைக்கு வீட்டுக்கு வந்தவன் சமையலறையில் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தானாம்.

பிப்ரவரி கடைசியில் ஒரு சனிக்கிழமை. நால்வரும் ஊரை ஒட்டி உறைந்துகிடந்த விரிகுடாவின் பனிக்கட்டிமேல் மீன் பிடிக்கப் போவதாகப் பேச்சு. வெள்ளி மாலை மில்ட் நார்ப்பைத் தொலைபேசியில் அழைத்து, லாரியில் பால் இறைக்கும் பம்பு பழுது, சனிக்கிழமை முழுக்க ஆலையில் நிற்கவேண்டும் என்றான். பம்பு நன்றாகத்தான் இருந்தது. ஆர்லீனுக்கு மட்டும் அது தெரியும்.

மற்ற மூவரும் போனார்கள். பகல் பதினோரு மணிக்குத் தெற்கிலிருந்து வெதுவெதுப்பான காற்று எழுந்தது. கரையிலிருந்து இரண்டு மைல் தள்ளிப் பனிக்கட்டி பிளந்து, அவர்கள் நின்றிருந்த பாளம் தனியாக நகர ஆரம்பித்தது. பன்னிரண்டுக்குள் மூடுபனி இறங்கி விரிகுடாவையே காணோம்.

நான் அப்போது ஊர்த் தீயணைப்புக் குழுவில் இருந்தேன். நாங்கள் படகோடு கரைக்கு வந்தபோது நாற்பது பேர்போல் கூடியிருந்தார்கள். அபாயச் சங்கை ஊதினோம், லாரி ஹாரன்களை அடித்தோம். பிரயோஜனமில்லை. மூடுபனிக்குள் சத்தம் எந்தப் பக்கம் போகிறது, எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஹாரன்கள் ஓய்ந்த ஒரு நொடியில் நார்ப்பின் மனைவி லொரெய்ன் கையைத் தூக்கினாள்.

"சும்மா இருங்க. பாடறாங்க."

கேட்டது. மூன்று குரல், நூல்போல மெல்லிசாக. கச்சேரியைக் கடைசியில் முடித்துவைக்கும் பாட்டு. குளிரில் விறைத்துவிடாமல் இருக்கவும், யார் காதிலாவது விழுமென்றும் பாடியிருக்கிறார்கள். ஆனால் அது வடக்கிலிருந்தும் வந்தது, மேற்கிலிருந்தும் வந்தது. படகை எந்தப் பக்கம் தள்ளுவது?

அப்போதுதான் மில்ட் வந்து சேர்ந்தான். ஆர்லீன் பின்னாலேயே ஓடி வந்தாள். மில்ட் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பனி விளிம்புவரை போய் நின்று ஒரு வரி முழுக்கக் கேட்டான். அடுத்த வரியில் வாயைத் திறந்து தன் பங்கைப் பாடினான்.

நாலும் பொருந்தின. இரண்டு மைல் தொலைவில் மூன்று, எங்கள் பக்கத்தில் ஒன்று. தலைக்கு மேலே அந்த ஐந்தாவது குரல் எழுந்தது. மாதா கோயில் கீழ்த்தளத்தில் ஒருநாளும் அவ்வளவு சுத்தமாக நான் கேட்டதில்லை.

மூன்றாம் வரியில் இருமல் வந்து மில்ட் பாட்டை நிறுத்தினான்.

பாட்டு நிற்கவில்லை. நாலாகவே வந்துகொண்டிருந்தது.

ஆர்லீன் அவன் கையைப் பிடித்தாள். "மில்ட், நீதானே பாடற?"

அவன் இல்லையென்று தலையாட்டினான். உதடு மூடியிருந்தது. அவன் குரல் மட்டும் மூடுபனிக்குள்ளிருந்து வந்தது. சந்தேகமே இல்லை. நீண்ட வார்த்தைகளை நடுவில் உடைத்து மூச்சிழுப்பது அவனுடைய கெட்ட பழக்கம். கோரஸ் நடத்துநர் அதற்காக அவனைத் திட்டாத வாரம் கிடையாது. அங்கேயும் அதே இடத்தில் மூச்சிழுத்தது.

அந்த நாலாவது குரல் சேர்ந்தபின் திசையில் குழப்பமில்லை. கையைப் பிடித்து இழுப்பதுபோல வடமேற்கிலிருந்து வந்தது. நாங்கள் ஆறு பேர் படகைத் தள்ளிக்கொண்டு, தண்ணீர் வந்த இடத்தில் ஏறித் துடுப்புப் போட்டு, அதைப் பிடித்துக்கொண்டே போனோம். நாற்பது நிமிடம்.

படகு பாளத்தில் முட்டியதும் பாட்டு நின்றது. மூன்று பேர் நின்றிருந்தார்கள், புருவமெல்லாம் வெள்ளையாக. நார்ப் பின்னால் திரும்பிக் கையை நீட்டினான்.

"முதல்ல மில்ட்டை ஏத்துங்க. அவன்தான் வந்ததுலேர்ந்து உட்காரவே இல்ல."

"மில்ட் கரையில இருக்கான், நார்ப்" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். ஜீனும் கிளீட்டும் திரும்பி அந்தப் பக்கம் பார்த்தார்கள். அங்கே வெள்ளைதான். ஆனால் அவர்கள் கால் உதைத்துக் கால் உதைத்து நின்ற இடங்களில் ஈரப்பனி குழிந்து கிடந்தது. நான் எண்ணினேன். நாலு குழி. நாலாவது மற்ற மூன்றையும்விட ஆழம்.

நார்ப் கால் விரல் இரண்டை இழந்தான். மற்றபடி எல்லோரும் தேறிவிட்டார்கள். ஊரில் அதைப்பற்றி அதிகம் பேச்சில்லை. கரையில் நின்ற நாற்பது பேரும், எதிரொலி என்று யாராவது சொன்னால் சரியென்று தலையாட்டினார்கள்.

மில்ட் அடுத்த செவ்வாய் வந்து மேடைப் படியில் தன் இடத்தில் நின்றான். சுருதி ஊதினார்கள். வாயைத் திறந்தவன் உடனே மூடிக்கொண்டான். கீழே இறங்கிப்போய் நாற்காலியில் உட்கார்ந்தான். என்ன என்று இடைவேளையில் கேட்டேன்.

"எனக்கு முன்னாடியே பாடுது" என்றான். "இம்மி முன்னாடி. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள என் பங்கு முடிஞ்சுபோகுது."

வசந்தம் முழுக்க அவன் வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போனான்.

மே மாதம் ஒருநாள் அவன் லாரித் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். நானும் அங்கே இருந்தேன். நார்ப் கைத்தடியோடு நொண்டிக்கொண்டு வந்தான்.

"அன்னைக்கு மதுக்கடையில நான் பேசினது தப்பு" என்றான்.

"விடு. அதுக்காக நானும் ஒரு தப்புப் பண்ணேன். அந்தச் சனிக்கிழமை பம்பு…"

"அதான் சொல்லிட்டியே."

மில்ட் கையிலிருந்த குழாயைத் தாழ்த்தினான். "எப்ப சொன்னேன்?"

"அங்கதான். ஐஸ் மேல. வந்ததுமே சொன்ன. 'பம்புல ஒண்ணுமில்ல நார்ப், உம்மேல இருந்த கடுப்புல பொய் சொன்னேன்'னு. அப்புறம், 'உட்காராத, உட்கார்ந்தா எந்திரிக்க மாட்ட, பாடு'ன்ன. நான் அழுதேன். ஞாபகமில்லையா?"

தண்ணீர் தரையில் ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் நான்தான் குழாயை அடைத்தேன். மில்ட் ஆர்லீனைத் தவிர யாரிடமும் அந்தப் பொய்யைச் சொன்னவனில்லை. ஆர்லீனும் சொல்லக்கூடியவளில்லை.

நார்ப் போனபிறகு மில்ட் தொட்டியின் மூடியைச் சாத்திவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"வர்ற குளிர்காலம் எங்கூட ஒரு தடவை ஐஸ் மேல வர்றியா?" என்று கேட்டான்.

ஜனவரியில் போனோம். நல்ல வெயில், மேகமே இல்லை, பனிக்கட்டி இரண்டடி கனம். கரையிலிருந்து ஒரு மைல் நடந்ததும் என்னை நிற்கச் சொல்லிவிட்டு அவன் மட்டும் மேலே போனான். கைவிரல் அளவுக்குச் சிறுத்தபிறகு நின்றான். பாடினான். அவன் பங்கையல்ல, நார்ப்பின் பங்கை. மெட்டை.

முதல் வரி வெறுமையாகப் போயிற்று. இரண்டாவது வரியில் அடியிலிருந்து பாரிடோன் சேர்ந்தது. எனக்கு நன்றாகக் கேட்டது. வெட்டவெளி, சூரியன், ஒரே ஒரு ஆள், இரண்டு குரல். என் கால்கள் என்னைக் கேட்காமலே இரண்டெட்டுப் பின்னால் வைத்தன.

பாட்டு முடிந்தபின் மில்ட் பேசினான். கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிற ஆளிடம் பேசுவதுபோல, தலையைச் சாய்த்து, இடையிடையே நிறுத்திக் கேட்டு, மறுபடி பேசினான். பிறகு கைகுலுக்க நீட்டுவதுபோல வலதுகையை நீட்டி, மடக்கிக்கொண்டு, திரும்பி நடந்து வந்தான்.

"என்ன பேசின?" என்று கேட்டேன்.

"நன்றி சொன்னேன். வீட்டுக்கு வான்னு கூப்பிட்டேன்."

"வரலையா?"

"இன்னும் ஆளுங்க வருவாங்களாம்." மீன்பிடிக் குடிசைகள் புள்ளி புள்ளியாகத் தெரிந்த பக்கம் பார்த்தான். "யாருன்னு கேட்டேன். சொல்லல."

அந்த வாரமே அவன் பழைய இடத்தில் ஏறி நின்று பாடினான். யாரும் அவனை முந்தவில்லை. நால்வர் அணி திரும்பச் சேர்ந்தது. ஒன்றுதான் மாறியிருந்தது, நடுவார்த்தையில் மூச்சிழுக்கும் பழக்கம் போய்விட்டது. நடத்துநருக்கு ரொம்பத் திருப்தி. எனக்கு அது பிடிக்கவில்லை.

மில்ட் தொண்ணூற்றொன்பதில், அறுவடைக் காலத்தில், மதியத் தூக்கத்தில் இறந்துபோனான். அந்த வருடமும் கச்சேரியில் பாடியவன். அதற்குப் பதினான்கு வருடம் முன்னால் நடந்த ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எண்பத்தைந்து மார்ச்சில் டெல்ஃபோஸ் குடும்பத்துச் சகோதரர்கள் இருவர் மூடுபனியில் பனிக்கட்டிமேல் வழிதவறி, ஆறுமணி நேரம் கழித்துத் தாங்களாகவே கரைக்கு நடந்து வந்தார்கள். கோரஸுக்கும் அவர்களுக்கும் சம்பந்தம் கிடையாது. இருவருக்கும் பாட்டே தெரியாது. அடுத்த ஞாயிறு தேவாலய மைதானத்தில் பெரிய அண்டாக்களில் பூயா என்கிற எங்கள் ஊர்க் கோழிச் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு மூத்தவன் எங்கள் மேஜையில் வந்து உட்கார்ந்தான்.

"பாட்டுச் சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டே வந்தோம்" என்றான். "உங்க ஆளுங்க யாராவது அன்னைக்கு வெளியில இருந்தீங்களா?"

நால்வரும் அங்கேதான் இருந்தார்கள். யாரும் மில்ட்டைப் பார்க்கவில்லை. மில்ட் கரண்டியால் கோழித் துண்டைக் கிளறியபடி கேட்டான்.

"மெட்டே இல்லாம, தடுக்கித் தடுக்கிப் பாடுச்சா?"

"ஆமா. அது ஒருத்தன். இன்னொருத்தன் கீழ. வயித்துலேர்ந்து வர்ற மாதிரி, தரையெல்லாம் அதிரும்படியா."

அணியில் பேஸ் பாடுகிற கிளீட் கிண்ணத்தை மெல்லக் கீழே வைத்தான். அந்த மார்ச் பிறந்ததிலிருந்து அவன் முதுகுவலியோடு படுக்கையில் கிடந்தவன். அன்றுதான் முதல்முறையாக வெளியே வந்திருந்தான். வாயைத் துடைத்துக்கொண்டு, டெல்ஃபோஸ் பையனின் முகத்தையே பார்த்தான்.

"சுருதி சேர்ந்துச்சா?" என்று கேட்டான்.