பல் செட் சொன்ன கியர்

அச்சகத்தில் முப்பத்தொரு வருஷம் இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்றதில் அவருடைய காது இரண்டும் முதலில் ஓய்வு பெற்றன. அவர் நாலு வருஷம் கழித்துத்தான் பெற்றார். தெருவில் அவருக்குப் பெயர் சைரன். காரணம், கார். சாவியைத் திருப்புவார். எஞ்சின் கிளம்பியது காதில் விழாது. விழும்வரை ஆக்சிலேட்டரை மிதிப்பார். அதற்குள் எதிர்வீட்டுப் பூனை மொட்டைமாடிக்குப் போயிருக்கும்.

"கால எடுங்க! வண்டி அலறுது!" என்று பக்கத்து சீட்டிலிருந்து மனைவி தொடையில் அடிப்பாள். ஓர் அடி என்றால் காலை எடு; இரண்டு அடி என்றால் கியரை மாற்று. எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் எப்போதோ படுத்துவிட்ட கார் அது.

லைசென்ஸைப் புதுப்பிக்க மறுபடி ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். பக்கத்தில் இன்ஸ்பெக்டர் மட்டும்தான் உட்காருவாராம்.

"ஃபெயிலானா வண்டிய வித்துடலாம்பா!" என்று மகள் காதருகே கத்தினாள். வாங்க ஆள்கூடப் பார்த்து வைத்திருந்தாள்.

அந்த வாரம்தான் புதுப் பல் செட் வந்தது. பொருந்தாமல் லேசாக ஆடியது. டாக்டரைத் திட்டிக்கொண்டே காரை எடுத்தவர் பாதித் தெருவில் வாயை மூடினார். எஞ்சின் நிதானமாக ஓடினால் பல் சும்மா கிடந்தது. அதிகமாக மிதித்தால் கீழ்வரிசை கிணுகிணுத்தது. பெரிய கியரில் மெதுவாக இழுத்தால் இரண்டு வரிசையும் கடகடவென்று மோதின.

பல்லைச் சரிசெய்ய டாக்டர் கூப்பிட்டபோது, "டெஸ்ட் முடியட்டும்" என்றுவிட்டார். காரணத்தை மனைவியிடம் மட்டும் சொன்னார்.

டெஸ்டில் பாதி வழி அமைதியாகப் போனது. மேடு ஏறும்போது இன்ஸ்பெக்டர் உரக்கக் கேட்டார்: "எத்தன வருஷமா ஓட்டுறீங்க?"

பதில் சொல்ல வாயைத் திறந்தார். வரிசைகள் பிரிந்தன, கால் பழையபடி அமுங்கியது. இன்ஸ்பெக்டரின் முகம் சுளித்தது, பேனா வெளியே வந்தது. சட்டென்று வாயை மூடினார். பல் கிணுகிணுத்தது. காலைத் தளர்த்தி, கியரை மாற்றினார். அதற்கப்புறம் எதைக் கேட்டாலும் தலையாட்டல்தான்.

"பாஸ்மா," என்றார் இன்ஸ்பெக்டர், வெளியே நின்ற மனைவியிடம். "ஆனா மனுஷன் ரொம்ப அழுத்தம். வாயே தொறக்கல."

"நான் தொண்டை கிழியக் கத்தினா கேக்க மாட்டாரு சார். பல்லு சொன்னா கேக்குறாரு!"

இன்ஸ்பெக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. விற்பனை ரத்து என்று மகளுக்குப் போனில் சொல்லிவிட்டு மனைவி காரில் ஏறினாள். அவர் சாவியைத் திருப்பினார். பழக்கதோஷம், தொடையில் ஓர் அடி விழுந்தது.

வாயைத் திறக்காமலே அந்தக் கையைத் தட்டிவிட்டார்.