கருங்காலிக்குப் பாதுகாப்பு, முதிரைக்குத் தண்டனை

மரங்களைப் பரிசோதித்து ஆலோசனை சொல்வது என் தொழில். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடிக் கமிட்டி என்னைக் கூப்பிட்டபோது, பரவாயில்லையே, மரத்துக்கும் டொக்டர் தேடுகிறார்களே என்று குளிர்ந்துபோனேன். எனக்கு நல்லா வேணும்.

முற்றத்தில் ஒரு கருங்காலி, ஒரு முதிரை. இரண்டுமே தளபாட ஆசையால் காட்டில் அருகிப்போனவை. கமிட்டிக்குத் தேவை, கார் நிறுத்த இன்னோர் இடம்.

"மிஸ், ரெண்டும் அழியுற மரமெண்டுறியள். எது கூடுதலா அழியுது? மற்றதை வெட்டுவம்," என்றார் தலைவர் சிவநேசன், ஓய்வுபெற்ற எஞ்சினியர்.

இரண்டையும் காப்பாற்றத்தான் வாயைத் திறந்தேன். முதிரைப் பலகை மஞ்சளாக மினுங்கும். கருங்காலி மெல்ல வளரும், உள்வைரம் கறுப்பு என்று ஒப்பிட்டுச் சொன்னேன். கருங்காலி என்றதும் கூட்டம் நிமிர்ந்தது. பாதிப் பேரின் கழுத்தில் கருங்காலி மாலை; போட்டால் பிரச்சினை தீருமாம். வாக்கெடுப்பில் கருங்காலிக்கு அமோக வெற்றி. முதிரையை வெட்ட முறைப்படி அனுமதி கேட்டு எழுதினார்கள். சட்டத்தை மதிக்கிற ஆட்கள்.

அடுத்த வாரமே கருங்காலியின் கொப்புகள் குறையத் தொடங்கின. மூன்றாம் மாடி பத்மா அக்கா போன் எடுத்தார்.

"மிஸ், எங்களைப் பேக்காட்டிப்போட்டியளே! மாலைக்கெண்டு கொப்பை வெட்டினால் உள்ளுக்கு வெள்ளை. இது கருங்காலியே இல்லை!"

"ஐயோ அக்கா, கொப்பு வெள்ளையாத்தான் இருக்கும். முத்தின அடிமரத்தின்ர நடுவிலதான் கறுப்பு."

"ஓ... அடிமரத்திலயோ?"

அந்த 'ஓ' எனக்குப் பிடிக்கவில்லை. அன்று வேலையாக நகருக்கு வெளியே களனியில் நின்றேன். மறுநாள் விடியப் போய்ப் பார்த்தால், கருங்காலி துண்டு துண்டாகக் கிடந்தது. சிவநேசன் சிரித்தபடி வந்தார்.

"மிஸ், நீங்கள் சொன்னது சரி. நல்ல கறுப்பு!"

"பாதுகாக்கிறதெண்டெல்லோ தீர்மானிச்சனீங்கள்?"

"பாதுகாப்பாத்தான் கிடக்கு. ஆளுக்கொரு துண்டு அலுமாரியில வச்சுப் பூட்டியிருக்கிறம். உங்களுக்கும் ஒண்டு எடுத்து வச்சனான்."

கோபத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரோ நான் நெகிழ்ந்துபோனேன் என்று நினைத்தார்.

கருங்காலி நின்ற இடத்தில் இப்போது கார் நிற்கிறது. முதிரைக்கு அனுமதி இன்னும் வரவில்லை. அதனால் அது உயிரோடு இருக்கிறது.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு என் அனுபவம் இதுதான்: ஒரு மரத்தின் அருமையை எல்லாருக்கும் எடுத்துச் சொல்லாதீர்கள். போன மாதம் பத்மா அக்கா மெதுவாகக் கேட்டார்: "மிஸ், இந்த முதிரையில என்ன விசேஷம்?"

"ஒண்டுமில்லை அக்கா. மயிர்க்கொட்டிப் புழு நிறைய. கிட்டப் போகாதேங்கோ."