நாத்தனார் விட்டுவிட்டுப் போன கணக்கு

இரண்டு பேரும் ஒரே சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்துதான் ஆடிட்டர் பரீட்சைக்குப் படித்தார்கள். நாத்தனார் பாஸ். அண்ணி நாலு மார்க்கில் அவுட். அன்றிலிருந்து நாத்தனார் சிரித்தால்கூட அண்ணிக்கு வயிறு பற்றி எரிந்தது. யாரோ எவரோ என்றால் தொலையட்டும் என்று விடலாம். தினமும் ஒரே குளியலறை வாசலில் முட்டிக்கொள்கிறவள் பாஸானால் எப்படித் தாங்குவது?

அலுவலகத்தில் அண்ணிக்கு ‘உடும்பு’ என்று பெயர். கணக்கு ஒரு காசு உதைத்தாலும் பிடித்த பிடியை விடமாட்டாள். மறுபடி எழுத மேலாளர் விடுப்புக் கொடுத்தார், “இதான்மா கடைசி” என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு. இதிலும் கோட்டை விட்டால் ஆயுசுக்கும் குமாஸ்தாதான்.

“என் நோட்ஸ் தரட்டுமா அண்ணி?”

“வேணாம் தாயே. உன் ராசி உன்னோடயே இருக்கட்டும்.”

அப்படிச் சொன்னவளே, ஒரு சாயங்காலம் ரோஷத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் கேட்டாள்: “போன தடவை அந்த பேலன்ஸ் ஷீட் உனக்கு எப்படி டேலி ஆச்சு?”

“எங்க ஆச்சு! அப்படியே விட்டுட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டேன்.”

அடிப்பாவி! அன்றைக்கு அண்ணி முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டி அதை டேலி செய்திருந்தாள். கடைசி இரண்டு கேள்விகளைத் தொடக்கூட நேரமில்லை. சரியாகப் போட்டவள் ஃபெயில், விட்டுவிட்டு ஓடியவள் பாஸ். இது எந்த ஊர் நியாயம்?

பரீட்சையன்று முதல் கணக்கே உதைத்தது. தொள்ளாயிரம் வித்தியாசம். தேடிப் பிடிக்கக் கை பரபரத்தது. ‘அவளால் விட முடிந்ததென்றால் எனக்கென்ன கேடு?’ பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பினாள். எல்லாக் கேள்விக்கும் எழுதிவிட்டுத்தான் எழுந்தாள்.

முடிவு வந்தது. பாஸ்! கணவர் கூடத்தில் கூத்தாடினார். நாத்தனார் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அவள் தோளுக்கு மேலாக அண்ணி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் வாங்கியதைவிட மூன்று மார்க் குறைவு.

“ஏங்க,” என்றாள் கணவரிடம், “மறுகூட்டலுக்கு என்னைக்கு வரைக்கும் டைம் இருக்கு?”