முன் சீட்டில் இருப்பவர் தூங்கக் கூடாது

எங்கள் வேனில் ஒரு சட்டம் உண்டு. முன் சீட்டில் உட்காருகிறவர் தூங்கக் கூடாது, என்னோடு பேசிக்கொண்டே வர வேண்டும். ஒரு நாள் காலையில் பாடாங் செராய் தாண்டி நான் கண்ணயர்ந்து, வேன் சாலையோரப் புல்லில் இறங்கிவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பின்னால் தூங்கிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் இறங்கி, என்னைத் திட்டி முடித்து, அந்தப் புல்லில் நின்றபடியே போட்ட சட்டம் அது.

நான் கூலிம் ஹைடெக் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றுகிறேன். விடிவதற்கு முன் பகல் வேலைக்காரர்களைக் கொண்டுபோய் விட்டு, ராத்திரி வேலை முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு திரும்புவேன். சாயங்காலம் மறுபடியும் அதே சாலை. நடுவில் பாக்கார் ஆராங்கில் என் வீட்டில், மத்தியான வெயிலில் படுத்துக் கிடப்பதைத் தூக்கம் என்று சொல்ல முடியாது. உடம்பு மட்டும் படுத்திருக்கும். சாலை கண்ணுக்குள் ஓடிக்கொண்டிருக்கும்.

இதற்கு இடையில் கதையும் எழுதுகிறேன். ஆறாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. தமிழ் ஒன்றுதான் எனக்குப் பிழையில்லாமல் எழுத வரும். தொழிற்சாலை வாசலில் வேனை நிறுத்திவிட்டு, ஆட்கள் வெளியே வரும்வரை கைப்பேசியில் ஒற்றை விரலால் தட்டுவேன். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் எப்போதாவது ஒன்று வரும். கதைக்குக் கரு எங்கே கிடைக்கிறது என்று ஒரு முறை ஒருவர் கேட்டார். நான் சிரித்து வைத்தேன். கிடைப்பதில்லை என்பதுதான் உண்மை. கரு வேண்டுமென்றால் ஆட்களோடு பழக வேண்டும். நான் கல்யாண வீட்டில் சாப்பிட்டு முடித்ததும் காருக்குள் போய் உட்கார்ந்துகொள்கிற ஆள். அப்படியே வற்றிப்போய், ரொம்ப நாளாக ஒரு வரி எழுதவில்லை. இனி வராது என்றே நினைத்திருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் முன் சீட்டுக்கு ஒரு அக்கா நிரந்தரமாக வந்தார். முறைவைத்து உட்கார்ந்த மற்றவர்கள் ஐந்து நிமிடத்தில் தூங்கிவிடுவார்கள், இல்லையென்றால் போனைப் பார்ப்பார்கள். இவர் என்னைவிட மூத்தவர், புக்கிட் செலம்பாவில் கடைசியாக இறங்குகிறவர். ராத்திரி முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு வந்து, பெல்ட்டைப் போட்டதும் தன் அண்ணியைப் பற்றி ஆரம்பித்துவிடுவார்.

அந்த அண்ணி, தீபாவளிக்கு முதல் நாள், முறுக்கு மாவு பிசைந்து வைத்த நேரத்தில் புருஷனோடு சண்டை போட்டு வீட்டை விட்டுப் போனவர். துணிமணி, நகை எதையும் தொடவில்லை. அடுப்பிலிருந்து கேஸ் தோங்கை, அந்தக் கனத்த சிலிண்டரைக் கழற்றி, மோட்டர் சைக்கிளில் காலிடுக்கில் வைத்துக்கொண்டு போய்விட்டார். பண்டிகை நாளில் கடையும் இல்லை, கேஸும் இல்லை. வீடே பிசைந்த மாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"அப்புறம்?" என்பேன் நான்.

"அப்புறமென்ன, தீக்காம் பத்து ஊருல பாத்தவங்க இருக்காங்க. தோங்கோடவே நின்னுச்சாம்."

"அக்கா, வால்யூம கொறைங்க லா. நாங்க தூங்கணும்," என்று பின்னாலிருந்து ஒரு பெண் கத்துவாள்.

"நீ தூங்குடி. டிரைவரும் உன்கூட சேந்து தூங்கட்டும். எல்லாரும் ஒண்ணா போய்ச் சேருவோம்."

தினமும் ஒரு துண்டுதான் கிடைக்கும். பல வாரங்களுக்குப் பிறகு ஒரு நாள், தொழிற்சாலை வாசலில் நிற்கும்போது என் விரல் தானாகத் தட்ட ஆரம்பித்தது. கதை முடிந்தது. முடிந்த பிறகுதான் பயம் வந்தது. ஒரு குடும்பத்தின் மானம் அது. அவர்கள் யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்று அண்ணியைச் சித்தியாக்கினேன். தீக்காம் பத்தை அலோர் ஸ்டார் ஆக்கினேன். மோட்டரைப் பஸ் ஆக்கி, கேஸ் தோங்கை எடுத்துவிட்டுத் துணிப்பெட்டி வைத்தேன். அப்படியும் அக்காவிடம் கேட்காமல் அனுப்ப மனம் வரவில்லை. கேட்கவும் வாய் வரவில்லை. அவர் வேண்டாம் என்றால் கதை போகும். கோபித்துக்கொண்டு பின் சீட்டுக்குப் போய்விட்டால் எனக்கு இருக்கிற ஒரே ஊற்றும் போகும். நான் விழித்திருப்பதும் அதோடு சேர்ந்து போகும்.

கடைசியில் ஒரு காலை, சுங்கை பட்டாணியில் மற்ற எல்லாரும் இறங்கிய பிறகு, சாலையைப் பார்த்தபடியே சொன்னேன். "அக்கா, உங்க அண்ணி கதைய எழுதியிருக்கேன். பத்திரிகைக்கு அனுப்பவா? நீங்க வேணாம்னா அழிச்சிடுறேன்."

"எந்த அண்ணி?"

"தோங்க தூக்கிட்டுப் போனவங்க."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ஐயோ தம்பி, எனக்கு ஏது அண்ணன்? நாங்க வீட்டுல எல்லாமே பொம்பளப் புள்ளைங்க லா."

வேனை ஓரம் கட்டினேன். "அப்ப தீக்காம் பத்துல பாத்தது?"

"நானே இன்னும் பாக்கல."

"பின்ன ஏங்க்கா தெனமும் சொன்னீங்க?"

"நீ தூங்கக் கூடாதுல்ல."

"உங்க வீட்டு விஷயத்தையே பேசியிருக்கலாமே."

அவர் சிரிப்பை நிறுத்தினார். "எங்க வீட்டுக்காரரு வாதம் வந்து படுத்த படுக்கையா கெடக்காரு. போனதும் குளிப்பாட்டணும், துணி மாத்தணும், கஞ்சி ஊட்டணும். நேத்தும் அதான், நாளைக்கும் அதான். அதச் சொன்னா நீ முழிச்சிருப்பியா? சொல்ற எனக்கே கண்ணு சொருகிடும்."

தினமும் அந்த வீட்டு வாசலில்தான் அவரை இறக்கிவிடுகிறேன்.

"சரி, என்னதான் எழுதியிருக்க? படி பாப்போம்," என்றார்.

படித்தேன். என் கதையை நானே சத்தமாகப் படித்தது அதுதான் முதல் தடவை. நடுவில் ஒரு கொட்டாவி விட்டார். அது என் எந்த வரியில் என்று எனக்குத் தெரியும்.

"தோங்கு எங்க?" என்றார் முடிந்ததும்.

"அடையாளம் தெரியக் கூடாதுன்னு எடுத்துட்டேன்."

"இல்லாத ஆளுக்கு என்ன தம்பி அடையாளம்? பொட்டி தூக்கிட்டுப் போறவங்கள தெருவுக்குத் தெரு பாக்கலாம். அப்புறம் கடைசியில அவள ஏன் திரும்பி வரவச்ச?"

"படிக்கிறவங்களுக்கு மனசு ஆறட்டும்னு."

"ஆறிப்போச்சுன்னா தூங்கிடுவாங்க. நான் ஒரு நாளாவது அவள வீட்டு வாசல் வரைக்கும் கொண்டாந்தேனா? கொண்டாந்திருந்தா நீ பாடாங் செராய் தாண்டியிருக்க மாட்ட."

"கதை உங்களுது. உங்க பேரையும் போடுறேன்க்கா."

"என் பேரெல்லாம் எதுக்கு? யாராச்சும் வீடு தேடி வந்தா டீ கலக்க எனக்கு நேரமில்ல. தோங்க திருப்பி வச்சுட்டு அனுப்பு." கைப்பையை எடுத்துக்கொண்டார். "ஓட்டு தம்பி. அங்க ஈரத்துணியோட ஒரு ஆளு கெடக்காரு."

அன்று மத்தியானம் படுத்தபடி யோசித்தேன். அவர் என் கண்ணைப் பார்த்துக்கொண்டே கதை சொல்லியிருக்கிறார். இமை கொஞ்சம் இறங்கினால் ஒரு புது ஆளைக் கதைக்குள் விட்டிருக்கிறார். நான் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு எழுதுகிறேன். எந்தக் கண்ணும் எனக்குத் தெரிவதில்லை. எப்போது கற்றுக்கொண்டு, எப்போது எழுதி முடிப்பது என்று நினைத்ததும் அலுப்பாக இருந்தது. ஆனாலும் எழுந்து தோங்கைத் திருப்பி வைத்தேன். கடைசிப் பக்கத்தை அழித்தேன்.

மறுநாள் காலை அக்கா பெல்ட் போடும்போது அவர் கண்ணைப் பார்த்தேன். சிவந்து கிடந்தது.

"இன்னிக்கு நீங்க தூங்குங்கக்கா. நான் சொல்றேன்."

"அங்கிளுக்குப் பேச்சு வருது டோய்!" என்றது பின் சீட்டு. யாரோ விசில் அடித்தார்கள்.

காது சூடாகிவிட்டது. இருந்தாலும் ஆரம்பித்தேன். அண்ணி தீக்காம் பத்தில் ஒரு அறை எடுக்கிறாள். தோங்கு இருக்கிறது, அடுப்பு இல்லை. அக்கா "ம்" கொட்டினார். பிறகு "ம்" நின்றது. தலை கண்ணாடியில் சாய்ந்தது. பின்னால் எல்லாரும் தூங்கிவிட்டார்கள். நிறுத்திவிடலாம் என்று தோன்றியது. நிறுத்தினால் நான் தூங்கிவிடுவேன். கேட்க ஆளில்லாத வேனில், கரகரத்த குரலில் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். பாடாங் செராய் வந்தது, போனது. அண்ணி சாலையோரம் நிற்கிறாள். புருஷன் மோட்டரில் வந்து நிறுத்துகிறான். ஏறு என்கிறான்.

"ஏத்தாத," என்றார் அக்கா, கண்ணைத் திறக்காமல்.

நான் ஏற்றவில்லை.